கைக்கு

முதல் தடவை அந்த மனிதர் வரிசையில் வந்து நின்றபோது, எல்லோருக்கும் நீட்டுவதைப் போலத்தான் வசந்தகுமாரி அவருக்கும் தட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தட்டைப் பார்த்தார். அதில் ஆவி பறந்த புளிச்சாதத்தைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் நின்ற அவளையும் மற்றவர்களையும் பார்த்தார். பிறகு வலது கையை லேசாகத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய விரித்து, "கைக்கு?" என்றார்.

ஹைதராபாத்துக்கு வந்து ஒன்றரை வருடத்தில், தெருவில் ஓர் அந்நியர் பேசி அவளுக்கு உடனே புரிந்த முதல் சொல் அது. கைக்கு. கையில் போடச் சொல்கிறார். சில பேருக்கு அப்படித்தான் பிடிக்கும், உருட்டிக் கையில் கொடுத்தால்தான் இறங்கும். அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, சாதத்தைக் கரண்டியால் அள்ளி, அழுத்தி உருண்டையாக்கி, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்கள் ஒரு கணம் விரிந்தன. பசியோடு இருப்பவர் முகம் அப்படித்தான் மாறும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் அங்கிருந்து நகரவில்லை. மேசையின் ஓரத்திலேயே நின்று, கையிலிருந்ததைக் குனிந்து சாப்பிட்டார். முடித்ததும் அவள் இன்னொரு உருண்டை வைத்தாள். ஒரு முட்டையும் வைத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் போய் மறைந்தார்.

அன்று செகந்திராபாத்திலிருந்து லிங்கம்பள்ளிக்குத் திரும்பும் ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள்.

வசந்தகுமாரியின் கணவர் ஜெயச்சந்திரன் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் எஞ்சினியர். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். காலையில் கம்பெனி பஸ் குவார்ட்டர்ஸ் முனையில் வந்து நிற்கும். அவர் ஏறிப் போனபிறகு, தெருவில் மற்ற வீட்டுப் பெண்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு உள்ளே போவார்கள். அவளைப் பார்த்தும் ஏதாவது கேட்பார்கள். அவள் சிரிப்பாள். பையன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். வீடியோவில் வந்தால், "அம்மா, சாப்டியா, சரி வெச்சிடட்டுமா" என்பான்.

மொழி தெரியாத ஊரில் தான் ஒரு நல்லவளாக மாறிக்கொண்டிருப்பதை அவள் கவனித்திருந்தாள். அவளால் யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கீரை வாடியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. யாரைப் பற்றியும் யாரிடமும் குறை சொல்ல முடியவில்லை. திருச்சியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவள் நாக்குக்குப் பிள்ளைகள் பயந்தார்கள். இங்கே அவள் எப்போதும் புன்னகையோடு இருக்கும் ஒரு பெண். கண்ணாடி முன்னால் நின்றால் அந்தப் புன்னகை யாரும் இல்லாதபோதும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சில நாள் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட்டு, கணவர் வந்ததும் பேசப்போனால் குரல் கரகரத்தது.

"தெலுங்கு கத்துக்கோயேன்," என்பார் ஜெயச்சந்திரன். "என் ஆபீஸ்ல எல்லாரும் ஆறு மாசத்துல கத்துக்கிட்டாங்க."

கற்றுக்கொள்ள அவர்களுக்குப் பேச ஆள் இருந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தமிழ் ஆராதனை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த அந்த மெதடிஸ்ட் ஆலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தாள். அவள் பிறந்து வளர்ந்தது லுத்தரன் சபையில். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மாதர் சங்கத் தலைவி ரோஸ்லின் சிரித்தாள்.

"அதெல்லாம் இங்க யாரு பாக்கறா? இருக்கிறதே நாப்பது பேரு. நீ தமிழ் படிப்பியா? ஹவ், ஆமான்னு சொல்லு, அடுத்த வாரமே வேதபாடம் வாசிக்க விட்டுடுவோம். எங்க பிள்ளைங்களுக்குப் பாட்டே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாத்தான் வாயத் திறக்கும்."

ரோஸ்லின் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத். அவள் தமிழில் தெலுங்கும் உருதுவும் கேட்காமலே நுழைந்து வெளியேறும். வியாழக்கிழமை சேவைக்கு வசந்தகுமாரியைக் கூப்பிட்டதும் அவள்தான். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில், நோயாளிகளோடு வந்து கிடக்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு.

"எனக்கு பாஷை தெரியாதே அக்கா."

"பாஷை கைக்கு வேணும்? தட்டக் குடு, சாதத்தப் போடு, அடுத்த ஆளப் பாரு. பேசறதே கிடையாது அங்க."

ரோஸ்லினின் பேச்சில் பாதி அவளுக்குப் பிடிபடாது. பிடிபடாததைத் தாண்டிப் போகப் பழகியிருந்தாள். அன்றும் தாண்டிப் போய்விட்டாள்.

முதல் வியாழக்கிழமை, சபைக் கூடத்தின் பின்னாலிருந்த சமையலறையில், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஃபெலிக்ஸ் அவளுக்குத் தட்டுகளைக் காட்டினார். போதகர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். ஃபெலிக்ஸ் மாறுவதில்லை. சபையின் பழைய கதை அத்தனையும் அவரிடம் இருந்தது. புதிதாக வருகிற எவரையும் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

"தட்டத் திருப்பிப் பாருங்க சிஸ்டர்."

எவர்சில்வர் தட்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர் பொறித்திருந்தது. செல்லையா நினைவாக. ஞானம்மாள் நினைவாக. சில எழுத்துகள் தேய்ந்து, விரலால் தடவினால்தான் தெரிந்தன.

"செத்துப்போனவங்க பேர்ல குடும்பம் தட்டு குடுக்கணும். அதான் இங்க வழக்கம். கல்லறைக் கல்லு அப்புறம். மொதல்ல தட்டு." அவர் ஒரு தட்டைத் துணியால் துடைத்தார். "இந்தச் சபைய ஆரம்பிச்சவங்க யாரு தெரியுமா? கன்டோன்மென்ட் பங்களாவுல சமையல்காரன், குதிரைக்காரன், துணி வெளுக்கிறவன். எல்லாம் மெட்ராஸ் பக்கத்து ஜனம். பட்டாளத்தோட வந்தவங்க. பங்களாவுல பின்வாசல்ல நிக்க வெச்சு மிச்சத்தக் கையில போடுவாங்களாம். தட்டுல போட்டா தட்டு தீட்டு. வெள்ளைக்காரனும் அப்படித்தான், அவன்கிட்ட வேலை பார்த்த நம்ம பெரிய மனுஷங்களும் அப்படித்தான். சபைன்னு ஒண்ணு கூடினதும் இவங்க மொதல் அன்பின் விருந்துக்கு என்ன வாங்கினாங்க? பெஞ்சு இல்ல. மணி இல்ல. தட்டு. தரையில உக்காந்து ஆளுக்கொரு தட்டுல சாப்பிட்டாங்க."

"அப்ப இருந்தே வெளியாட்களுக்கும் போடறீங்களா?"

"காலரா வந்த வருஷம் ஆரம்பிச்சது. கஞ்சி. அப்பவும் தட்டுலதான். பேப்பர் தட்டு நக்கோ, வேணாம்னு இன்னைக்கும் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். கழுவறது யாருன்னு இவங்க கேக்கறாங்க." அவர் ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின், "கழுவறது நாங்கதானே, பேசறது நீங்கதானே," என்றாள். அவர் அதைக் காதில் வாங்காமல், "இன்னொண்ணு சிஸ்டர். பேர் கேக்கக்கூடாது. பேரக் கேட்டா என்ன சாதி, என்ன மதம், எல்லாம் வந்துடும். வர்றவங்க வரட்டும், சாப்பிடட்டும், போகட்டும். இங்க யாரும் யாரு பேரும் கேட்டதில்ல," என்றார்.

பேச வேண்டாம், பெயர் கேட்க வேண்டாம். தனக்காகவே செய்து வைத்த வேலை என்று வசந்தகுமாரிக்குத் தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமையும் அந்த மனிதர் வந்தார். மெலிந்த உடம்பு. வெள்ளையாக இருந்து பழுத்துப்போன வேட்டி. கழுத்தில் ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டு ஒரு நூலில் தொங்கியது. அவள் தட்டைத் தொடாமல், அவரைப் பார்த்ததுமே கரண்டியை எடுத்தாள். அவர் அவளைப் பார்த்து, போன தடவையைவிடத் தணிந்த குரலில், "கைக்கு?" என்றார்.

"ஆமா, கைக்கு," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "ஞாபகம் இருக்கு. கைக்கு, கைக்கு."

அவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. முட்டைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ரோஸ்லின் ஒருமுறை கவனித்துவிட்டு, "என்ன, அவருக்கு மட்டும் கையில போடற?" என்று கேட்டாள்.

"அவருக்கு அப்படித்தான் வேணுமாம் அக்கா."

"அப்படியா? சரி," என்று ரோஸ்லின் அடுத்த முட்டையை எடுத்தாள்.

அவருக்கு என்ன வேண்டும் என்பது தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று என்பதில் வசந்தகுமாரிக்கு இருந்த நிறைவை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் தட்டோடு போய் எதிர்ப்புற மதிலோரம் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். அவர் மட்டும் மேசையோரம் நின்று சாப்பிடுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனாலும் அது துணைதான். வாரத்தின் மற்ற நாள்களில், வீட்டில் காய் நறுக்கும்போது, அவருடைய ஆள் யார் உள்ளே படுத்திருப்பார்கள் என்று யோசிப்பாள். மனைவியாக இருக்கும். புளிச்சாதத்துக்கு வேர்க்கடலை கூடப் போட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று தீர்மானித்து, ஒரு புதன்கிழமை வறுத்து எடுத்துப் போனாள்.

அந்த வியாழக்கிழமை அவருடைய மகளும் வந்திருந்தாள். அது மகள் என்று வசந்தகுமாரிக்கு முதலில் தெரியாது. அவர் வழக்கம்போலக் கையேந்த, அவள் கடலை கலந்த உருண்டையை வைத்தபோது, வரிசையின் பின்னாலிருந்து ஓர் இளம்பெண் முன்னால் வந்தாள். அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கையிலிருந்த சாதத்தைத் தன் விரல்களால் வழித்து மேசை விரிப்பின்மேல் வைத்தாள். பிறகு துப்பட்டா நுனியால் அவர் கையைத் துடைத்தாள். சின்னப் பிள்ளையின் கையைத் துடைப்பதுபோல, ஒவ்வொரு விரலாக.

அதற்குப் பிறகுதான் பேசினாள். கத்தவில்லை. வேகமாக, மூச்சு விடாமல், வசந்தகுமாரியின் முகத்தைப் பார்த்து. அவ்வளவு தெலுங்கிலும் ஒரே ஒரு சொல் வசந்தகுமாரிக்குப் புரிந்தது. பிச்சை. அது இரண்டு தடவை வந்தது. அந்தப் பெண் அடுக்கியிருந்த தட்டுகளைக் காட்டினாள், மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் காட்டினாள், அப்பாவின் கையைக் காட்டினாள். வசந்தகுமாரி சிரித்தாள். சிரிக்கக்கூடாத நேரம் என்று தெரிந்தும் முகம் பழக்கத்தில் அதைச் செய்தது. அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

ரோஸ்லின் ஓடி வந்தாள். தெலுங்கில் என்னென்னவோ சொன்னாள், இரண்டு தட்டுகளில் சாதம் போட்டு நீட்டினாள். அவர்கள் வாங்கவில்லை. மகள் அப்பாவின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றாங்க?"

"நீ வேன்ல போய் உக்காரு. அப்புறம் பேசலாம்."

வேனுக்குள் காலிப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ரோஸ்லின் கேட்டாள். "அவரு உன்கிட்ட கையில போடுன்னு கேட்டாரா?"

"ஆமா. கைக்குன்னு கேட்டார். எப்பவும் கேப்பார்."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று தோன்றியது. சிரித்துக்கொண்டிருந்தாள், அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர. "அடிப் பாவி, கைக்குன்னா ஏன்னு அர்த்தம்டி. எதுக்குன்னு அர்த்தம். இந்த ஊரு உருது. அவரு தெலுங்கு ஆளு, உனக்குத் தெலுங்கு தெரியாதுன்னு பாத்து உருதுல கேட்டிருக்கார். நான் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றேனே, கைக்கு கைக்குன்னு, நீ கேட்டதே இல்லையா?"

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஃபெலிக்ஸ் சிரிக்கவில்லை. திரும்பவும் இல்லை. "அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா சிஸ்டர்?" என்றார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "எங்க அப்பா பிச்சைக்காரர் இல்ல. எல்லாருக்கும் தட்டு இருக்கு, எங்க அப்பா தொட்டா மட்டும் உங்க தட்டு தீட்டாயிடுமான்னு கேட்டா. நம்மளப் பாத்து. நம்ம சபையப் பாத்து."

ரோஸ்லினின் சிரிப்பு நின்றது.

"தெரியாமச் செஞ்சதுண்ணே," என்றாள் அவள். "வசந்தா வேணும்னா செஞ்சா?"

"தெரியாமத்தான். நான் இல்லேங்கல. அடுத்த வாரம் சிஸ்டர் சமையல் பக்கம் இருக்கட்டும். வாசலுக்கு பாஷை தெரிஞ்ச ஆள் வரட்டும்."

அன்று ரயிலில் அவள் ஒவ்வொரு வியாழக்கிழமையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முதல் நாள் அவர் கேட்டது, ஏன் கொடுக்கிறீர்கள் என்று. முன்பின் தெரியாதவர்கள் மேசை போட்டுச் சோறு கொடுத்தால் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதிலாக அவள் கையில் வைத்தாள். இரண்டாம் நாள் அவர் கேட்டது வேறு. எனக்கு மட்டும் ஏன் கையில் என்று. அதற்கு அவள் சிரித்துக்கொண்டு, ஏன், ஏன் என்று அவரிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் அவர் கேட்கவே இல்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது. கையை ஏந்தினார், அவ்வளவுதான். அவர் மேசையோரம் நின்றதுகூட அவளுக்காக இல்லை. இரண்டு கையிலும் சோற்றை வைத்துக்கொண்டு ஒருவர் எங்கே போய் உட்காருவார்?

ஒன்றரை வருடத்தில் தனக்கு வாய்த்த ஒரே தோழமையாக இதைத்தான் வைத்திருந்தோம் என்று நினைத்தபோது, அவமானத்தைவிட வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் இறங்கியது. பெயர் வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் ஏதோ கேட்டாள். ஸ்டேஷன் பெயராக இருக்கலாம், நேரமாக இருக்கலாம். வசந்தகுமாரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. தெரியாது என்று தலையசைத்தாள்.

ஜெயச்சந்திரன் முழுவதையும் கேட்டுவிட்டு, "விடும்மா, இதுக்குப் போய்," என்றார். "அவங்க ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. உனக்குக் கஷ்டமா இருந்தா இனிமே அங்க போகாத. அவ்வளவு தூரம் அலையறதும் மிச்சம்."

"அவர் மறந்துடுவாரா?"

"யாரு?"

"அவர்தான்."

"அவருக்கு ஆயிரம் கவலை இருக்கும். ஆஸ்பத்திரில கெடக்கிற ஆளு, உன்னையா நினைச்சுக்கிட்டு இருக்கப் போறார்?"

அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அவள் அவரை நினைத்துக்கொண்டிருந்தாள். தான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அவமதிப்பு இல்லை, அவர் கேட்டதாக நினைத்துச் செய்தது. இதை அவர் தெரிந்துகொண்டுவிட்டால் போதும். தெரிந்துகொள்ளாமல், உள்ளே படுத்திருக்கிறவர் குணமாகி, அல்லது ஆகாமல், அவர் ஊருக்குப் போய்விட்டால், ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு மனிதரின் நினைவில் அவள் கடைசிவரை அந்தப் பெண்ணாகத்தான் இருப்பாள். மற்றவர்களுக்குத் தட்டு கொடுத்துவிட்டு, அவரைக் கையேந்தவைத்துச் சிரித்த பெண்.

வெள்ளிக்கிழமையே போய்த் தேடலாமா என்று நினைத்தாள். எந்த வார்டு என்று தெரியாது. பெயர் தெரியாது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில், எந்த மொழியில், யாரைக் கேட்பது?

வியாழக்கிழமை காலை சமையலறையில் ரோஸ்லின் அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா, நீ வரமாட்டேன்னு நினைச்சேன்," என்றாள்.

"நான் வாசலுக்கு வரேன் அக்கா."

"ஃபெலிக்ஸ் அண்ணன்..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. என் தப்புன்னு தெலுங்குல எப்படிச் சொல்றது?"

ரோஸ்லின் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "நாதே தப்பு. அவ்ளோதான். தப்புக்குத் தெலுங்குலயும் தப்புதான். அதுல நீ தப்பே பண்ண முடியாது, போ."

நாதே தப்பு. கணக்குச் சூத்திரத்தை உருப்போடுவதுபோல, புளிக்காய்ச்சல் கொதிக்கும்வரை அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபெலிக்ஸ் அவள் வேனில் ஏறுவதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தட்டுக் கூடையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

வரிசை நீண்டது. தட்டு, சாதம், அடுத்தவர். தட்டு, சாதம், அடுத்தவர். அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வரிசையின் கடைசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லை. பாத்திரம் பாதிக்குக் கீழே இறங்கியது. ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அவள் முடிவுசெய்துவிட்ட பிறகு, கேட்டைத் தாண்டி அவர் வருவது தெரிந்தது. பின்னால் மகள். வரிசையில் வந்து நிற்க அவருக்கு விருப்பமில்லாதது நடையில் தெரிந்தது. மகள்தான் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பார்ப்போம், இன்று என்ன செய்கிறார்கள் என்பதுபோல.

அவர் முன்னால் வந்தபோது அவள் மேலே இருந்த தட்டை எடுத்தாள். சாதம் போட்டாள். முட்டை வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"நாதே தப்பு," என்றாள்.

குரல் கரகரத்தது. அவருக்குக் கேட்டிருக்காது என்று தோன்ற, இன்னொரு தடவை சொன்னாள். "நாதே தப்பு. கைக்கு..." என்று தொடங்கி, அந்தச் சொல்லை எப்படி விளக்குவது என்று தெரியாமல் நிறுத்தினாள்.

"ரோஸ்லின் அக்கா, நீங்க சொல்லுங்க. தமிழ்ல கைக்குன்னா கையிலன்னு அர்த்தம்னு சொல்லுங்க."

ரோஸ்லின் சொன்னாள். தன் கையைக் காட்டி, அவர் கையைக் காட்டி, தமிழ், தமிழ் என்று இரண்டு தடவை சொல்லி விளக்கினாள். மகள் முகத்தில் ஒரு சுருக்கம் வந்து போனது. சிரிப்பா, அவநம்பிக்கையா என்று தெரியவில்லை. அவர் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு வசந்தகுமாரியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மெதுவாக, நீளமாக. நடுவில் ஒருமுறை ஆஸ்பத்திரியைக் காட்டினார். ஒருமுறை வானத்தைக் காட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, யோசித்து, மறுபடி தொடர்ந்தார். வசந்தகுமாரி ஒவ்வொரு சொல்லையும் முகத்தால் வாங்கிக்கொண்டாள்.

அவர் முடித்ததும் ரோஸ்லினைப் பார்த்தாள்.

"பரவாயில்லங்கறார்," என்றாள் ரோஸ்லின்.

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"அவ்ளோதான் வசந்தா. லைன் நிக்குது பாரு."

அவ்வளவுதானாக இருக்க முடியாது. ரோஸ்லின் நல்லவள், எதை விட்டாளோ நல்லதற்குத்தான் விட்டிருப்பாள். அதைக் கேட்டு வாங்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று வசந்தகுமாரிக்குத் தெரியவில்லை. அவர் நகரப் போனார். போனால் போய்விடுவார். ஏதோ ஒன்றை அவளே, இடையில் யாருமில்லாமல், அவரிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. கடைகளில், பஸ்ஸில், பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் எல்லோரும் கேட்டுக் காதில் விழுந்த ஒரு சொல், தமிழிலும் அதேதான்.

"பேரு?" என்றாள்.

தண்ணீர் டிரம்மின் பக்கத்திலிருந்து ஃபெலிக்ஸ், "சிஸ்டர்," என்றார். அவள் திரும்பவில்லை.

அந்த மனிதர் நின்றார். "யாதய்யா," என்றார். பிறகு தலையைச் சாய்த்து, "மீதி?" என்று கேட்டார்.

மீதி. மிச்சம் கேட்கிறார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறார். அவள் கை தானாகக் கரண்டியைச் சாதத்துக்குள் இறக்கியது. பாதி அள்ளியபிறகு அப்படியே நின்றாள். முதல் நாள் வந்த அதே சந்தோஷம், புரிந்துவிட்டது என்ற அந்தச் சந்தோஷம், தொண்டை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அதை அவள் நம்பவில்லை.

"அக்கா, மீதின்னா என்ன?"

"உன்னோடதுன்னு அர்த்தம். உன் பேரு என்னன்னு கேக்கறார்."

அவள் கரண்டியை விட்டாள். "வசந்தகுமாரி," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. தட்டோடு தெருவைத் தாண்டி, வேப்பமரத்தடியில், மகள் துப்பட்டாவால் தட்டிவிட்ட இடத்தில் உட்கார்ந்தார். மகளும் தன் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மதிலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர் என்பது தெரிந்தது. மகள் ஏதோ சொன்னாள், அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை, இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

"நம்ம பழக்கம் இல்ல சிஸ்டர், பேர் கேக்கறது," என்றார் ஃபெலிக்ஸ், தண்ணீர் ஜாடியோடு பக்கத்தில் வந்து, தணிந்த குரலில்.

"தெரியும்ணே."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் ஜாடியை வைத்துவிட்டுப் போனார்.

வரிசை தீர்ந்துகொண்டிருந்தது. மேசையோரம், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில், ஒரு பாத்திர மூடியை யாரோ சாய்த்து வைத்திருந்தார்கள். யாதய்யா சாப்பிட்டு முடித்து எழுந்தார். குழாயடியில் தட்டைக் கழுவினார், மகளுடையதையும் வாங்கிக் கழுவினார், இரண்டையும் தொட்டியில் வைத்தார். மேசைப் பக்கம் வரவேண்டிய தேவை இல்லை. மகளோடு கேட்டை நோக்கி நடந்தார்.

வசந்தகுமாரி கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பெயர் தெரியும். இங்கிருந்தே கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், கூப்பிட்டால் அவர் திரும்பியிருப்பார். திரும்பி, என்ன என்று நின்றிருப்பார். அதற்கு மேல் சொல்ல அவளிடம் இன்னும் சொற்கள் இல்லை.

கேட்டில் காவலாளி அனுமதிச் சீட்டைப் பார்த்து அவர்களை உள்ளே விட்டார். வரிசையில் கடைசியாக ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வசந்தகுமாரி தட்டை எடுத்தாள்.